கோடை மழை ஒரு வாரம்: கரிசலுக்குத் தங்கம், களத்துக்குக் கண்ணீர்

"மழை வருமா?" என்ற கேள்விக்கு எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் மூன்று அர்த்தம் உண்டு. சாத்தூர்ப் பக்கத்து மானாவாரிக் கரிசல்காரர் ஆசையோடு கேட்பார். எள்ளை அறுத்துக் களத்தில் அடுக்கியிருப்பவர் பயத்தோடு கேட்பார். சிவகாசிப் பட்டாசு ஆலைக்குப் போகிற பெண், நாளைக்கு வேலை இருக்குமா என்ற கவலையோடு கேட்பார். மூன்று பேரும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். பல இடங்களில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

2024 மே மாதத்தின் நடுவில் வந்த அந்த ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் கரூர் பரமத்தி, ஈரோடு, வேலூர் என்று 42 டிகிரிக்கு மேல் கொதித்தது. அக்னி நட்சத்திரம் மே 4-ல் தொடங்கி 28 வரை. அந்தக் கணக்குப்படி மண் வெடித்துக் கிடக்க வேண்டிய நேரத்தில், குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி வந்து உட்கார்ந்தது. தென் மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. அதற்கு நாலு நாள் முன்னால், 13-ம் தேதி, மும்பை காட்கோபரில் புழுதிப் புயலில் ராட்சத விளம்பரப் பலகை சரிந்து பதினாறு பேருக்கு மேல் இறந்தார்கள். மாதக் கடைசியில் வடக்கே ராஜஸ்தான் சுரு 50 டிகிரியைத் தாண்டியது. ரீமல் புயல் 26-ம் தேதி ராத்திரி வங்காளக் கரையைக் கடந்தது. ஒரே மாதத்தில் ஒரே நாட்டில் இத்தனை கோலம்.

எங்கள் பக்கம் அந்த வாரம் காலையில் வெயில், மத்தியானம் புழுக்கம், நாலு மணிக்கு மேற்கே கருக்கல், அப்புறம் காற்று, இடி, மழை என்று போனது. ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் புழுதி பறக்கும்.

ஏன் இப்படி?

சித்திரை பிறக்கும் சமயம் சூரியன் நம் மாவட்டத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. தரை காய்ந்து, தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே கிளம்புகிறது. மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை. அரபிக்கடல் ஈரமும் வங்கக்கடல் ஈரமும் எங்காவது சந்தித்து, மேலே கிளம்பும் சூட்டுக் காற்றோடு சேர்ந்தால் இரண்டு மணி நேரத்தில் இடிமேகம் எழும்பிவிடும். மேகம் உயரமாக இருக்கும், அகலம் குறைவு. அதனால்தான் 'மாட்டுக்கு ஒரு கொம்பு நனைய, ஒரு கொம்பு காய' என்று பெரியவர்கள் சொன்ன மாதிரி பெய்கிறது. குமரிக்கடலில் சுழற்சி இருந்தால் இது ஒரு நாளோடு நிற்காது, வாரக்கணக்கில் நீளும்.

தாலுகா மழை அளவை நம்பி நம் வயலுக்குக் கணக்குப் போடக் கூடாது என்பது இதில் உள்ள பாடம். நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வையுங்கள். காலை எட்டரை மணிக்கு ஸ்கேலை விட்டுப் பாருங்கள். வானிலைத் துறையும் அதே எட்டரை மணிக்குத்தான் அளக்கிறது. 2.5 மி.மீ. பெய்தால்தான் அது 'மழை நாள்'. 64.5 மி.மீ. தொட்டால் கனமழை.

ஒரு அங்குலம், ஒரு லட்சம் லிட்டர்

ஒரு அங்குல மழை, அதாவது 25 மி.மீ., ஒரு ஏக்கரில் விழுந்தால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் பத்து லோடு. இதைக் காசு கொடுத்து வாங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக்கு வருசத்துக்குக் கிடைப்பதே ஏறக்குறைய 800 மி.மீ. அதில் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழை. மீதியில் கோடை மழைக்கும் நல்ல பங்கு உண்டு. அதை ஓடவிட்டுவிட்டு ஐப்பசியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

கரிசலுக்கு ஒரு குணம். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். முதல் மழை அந்த வெடிப்பு வழியாக நேரே கீழே இறங்கும். மண் நனைந்து உப்பி வெடிப்பு மூடிக்கொண்டால், அடுத்த மழை மேலேயே ஓடும். அதனால் முதல் மழைக்கும் இரண்டாம் மழைக்கும் நடுவில் கிடைக்கிற உழவு ரொம்ப முக்கியம். 'சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்' என்று சும்மா சொல்லவில்லை.

உழவுக்கு முன் மண்ணை ஒரு பிடி எடுத்து உருண்டை பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டால் உதிர வேண்டும். அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டால் இன்னும் பதம் வரவில்லை, ஒரு நாள் பொறுங்கள். சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். ரோட்டவேட்டர் வேண்டாம், அது மண்ணை மாவாக்கிவிடும். அடுத்த மழையில் மாவு மண் மேலே ஏடு கட்டித் தண்ணீரை உள்ளே விடாது. கொத்துக் கலப்பை போதும். கட்டி கட்டியாகக் கிடந்தால் அதுதான் நல்லது.

மக்காச்சோளக்காரர்களுக்கு இதில் இன்னொரு லாபம். 2018-ல் தமிழ்நாட்டுக்குள் வந்த படைப்புழு எங்கள் மாவட்டத்து மக்காச்சோளத்தை என்ன பாடு படுத்தியது என்று எல்லாருக்கும் தெரியும். அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் ஓரிரு அங்குல ஆழத்தில்தான் கிடக்கிறது. கோடை உழவில் மேலே வந்தால் வெயிலும் மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்ளும். மருந்துக் கடைக்குப் போகிற காசு மிச்சம்.

எதை விதைக்கலாம்?

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த பலதானிய விதைப்பு நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், தழைச்சத்துப் பயிர் என்று வகைக்கு நாலு கிலோ, ஏக்கருக்கு இருபது கிலோ. பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது. ஆனால் எங்கள் மானாவாரிக்கு அதை அப்படியே செய்தால் சிரமம். வைகாசி தாண்டினால் ஆனி, ஆடிக் காற்று வந்து இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். கொத்தமல்லியும் வெந்தயமும் தாங்காது.

எனவே மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பாருங்கள். ஈரம் ஒரு சாணுக்குக் கீழே போயிருந்தால் மட்டும் விதையுங்கள். வறட்சி தாங்குகிற சணப்பு, கொளுஞ்சி, தட்டைப்பயறு, நரிப்பயறு, சோளம், கம்பு இவற்றைக் கலந்து போடலாம். மறுபடி மழை கிடைத்தால் தழை உரம். கிடைக்காவிட்டால் ஆட்டுக்கு மேய்ச்சல், மண்ணுக்கு மூடாக்கு. எப்படிப் பார்த்தாலும் புரட்டாசி விதைப்புக்கு மண் தயாராகியிருக்கும். ஈரம் ஒரு சாண் இறங்கவில்லை என்றால் உழவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விதையை வீணாக்க வேண்டாம்.

களத்தில் கிடப்பவருக்கு

அந்த ஒரு வாரம் எல்லாருக்கும் தங்கமாக இருக்கவில்லை. மாசிப்பட்டத்து எள்ளை அறுத்துப் போர் வைத்தவர்களுக்கு எள் கறுத்துப்போனது. கடைசிப் பறிப்பு மிளகாய் களத்தில் பூசணம் பிடித்தது. ராஜபாளையம், வத்திராயிருப்புப் பக்கம் மாவும் வாழையும் வைத்திருப்பவர்களுக்கு மழையைவிடக் காற்றுதான் எமன்.

வங்கியில் பயிர்க்கடன் பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காரீப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5 சதவீதம், வணிகப் பயிருக்கும் தோட்டக்கலைப் பயிருக்கும் 5 சதவீதம் வரை நம் பங்குப் பிரீமியம். கிராமம் முழுக்க மகசூல் குறைந்தால்தான் பணம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர்ச் சேதத்துக்குத் தனி வயலாகவும் கணக்கிடலாம். அறுத்துக் காயப் போட்ட பயிர் பருவம் தப்பிய மழையில் கெட்டால், அறுவடை முடிந்து 14 நாள் வரை இழப்பீடு கேட்கலாம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். 14447 என்ற எண்ணுக்குப் பேசலாம். கைப்பேசியில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

இதில் ஒரு பெரிய ஓட்டை. உங்கள் ஊருக்கு, உங்கள் பயிர், அந்தப் பருவத்துக்கு அறிவிக்கை செய்யப்பட்டிருந்தால்தான் இதெல்லாம். கோடைப் பயிர்கள் பல நேரம் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிப்படி 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். ஏக்கருக்கு மூவாயிரத்து நானூறு சொச்சம். உழவுக் கூலிக்கும் விதைக்குமே சரியாகப் போய்விடும். மாசிப்பட்ட எள்ளையும் மிளகாயையும் காப்பீட்டுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஒவ்வொரு மாதமும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்க வேண்டும். நாம் கேட்காமல் யாரும் சேர்க்கப்போவதில்லை.

மழை நாளில் அடுப்பு

இனி மூன்றாவது ஆள். மழை குறைவு, வெயில் அதிகம் என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் சிவகாசியில் வேர் பிடித்தன. கரிசல் பொய்த்தபோது அந்தத் தொழில்தான் ஊரைக் காப்பாற்றியது. அந்தத் தொழிலுக்கு வெயில்தான் அடுப்பு. மருந்து அடைத்ததை வெயிலில் காய வைத்தாக வேண்டும். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானே சூடேறும், ஆபத்து. இடி மின்னல் நேரத்தில் வெடிபொருளைக் கையாளக் கூடாது என்பது விதி. அதனால் மேகம் கூடினால் வேலை நிற்கும். எண்ணிக்கைக் கூலிதான் பலருக்கு. வேலை இல்லையென்றால் கூலி இல்லை.

அந்த மழைக்கு ஒரு வாரம் முன்னால், மே 9 அன்று, சிவகாசி அருகே செங்கமலப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் எட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்தத் துக்கம் ஆறும் முன் மழை. என் வயலில் களை எடுக்க வந்த ஒரு அம்மா, "மழ பேஞ்சா ஒங்களுக்குச் சந்தோசம் அண்ணாச்சி. எங்களுக்கு அஞ்சு நாளா ஆபீஸ் இல்ல. கடைக்காரன் எத்தன நாளைக்குக் கடன் குடுப்பான்?" என்றார். எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

'ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் பட்டாசுக்குப் போய்விட்டார்கள்' என்று நாம் புலம்புகிறோம். மழை நாளில் அவர்கள் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். நமக்கு வரப்புப் போட, பண்ணைக்குட்டை வெட்ட, விதை கலந்து தூவ ஆள் வேண்டியிருப்பதும் அந்த நாட்கள்தான். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் சிறு, குறு விவசாயி நிலத்தில் வரப்பு போடவும் பண்ணைக்குட்டை வெட்டவும் இடம் உண்டு. கிராம சபையில் முன்கூட்டியே பணிகளைத் தீர்மானம் போட்டு வைத்தால், மழை விட்ட மறுநாள் காலையில் வேலை தொடங்கலாம். மே 1 கிராம சபை அதற்குச் சரியான நாள். நம் இயக்கத்து உழவர்கள் ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் போய் உட்கார்ந்தால் இது நடக்கும்.

இடி இடிக்கும்போது

கடைசியாக ஒன்று. கோடை மழையில் நம்மைக் கொல்வது தண்ணீரைவிட மின்னல். வெட்டவெளிக் கரிசலில் நிற்கிற ஆள்தான் அங்கே உயரமான பொருள். மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே வர வேண்டாம். வேப்பமரமும் பனைமரமும் ஒதுங்குகிற இடமில்லை. பம்புசெட் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், கம்பி வேலியை விட்டு விலகுங்கள். ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் 'தாமினி' செயலி பக்கத்தில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும், இலவசம்தான்.

சித்திரை வந்துவிட்டது. டப்பாவை வெளியில் வையுங்கள், கலப்பைக் கொழுவைத் தீட்டுங்கள், சணப்பு விதையை இப்போதே வாங்கி வையுங்கள். களத்துக்கு ஒரு தார்ப்பாய் எடுத்து வையுங்கள். மழை பெய்த மறுநாள் பக்கத்துத் தெருவில் பட்டாசு வேலை இல்லாமல் இருக்கிறவர்களிடம், "நம்ம வயலுக்கு வாறீகளா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.