அறுபதுக்கு மேல் படிப்பா? பாரோய் பெரியவர்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

பாரோய் ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள தாமான்களில் குடியிருக்கும் நம் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பலரும் ஏதாவது ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். செனவாங், சிரம்பான் தோட்டம், லாபு பக்கத்துக் கெர்பி, ரந்தாவ் பக்கத்து லின்சம், போர்ட்டிக்சன் போகிற வழியில் சுவா பெத்தோங். மரம் சீவிய கதை, பால் வாளி தூக்கிய கதை, லயத்துத் தண்ணீர்க் குழாயடிச் சண்டை எல்லாம் சளைக்காமல் சொல்வார்கள். “எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?” என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும்.

என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். ஒருநாள் வங்கிக் கவுண்டரில் கைநாட்டு வைக்கும்போது, வரிசையில் நின்ற எல்லார் காதிலும் விழும்படி அங்கிருந்த ஊழியர் ஒருவர் பெருமூச்சு விட்டார். வீடு வந்த அம்மா, பேத்தியின் நோட்டுப்புத்தகத்தை வாங்கித் தன் பெயரை எழுதிப் பழகினார். அப்போது அவருக்கு 67 வயது. கையெழுத்து வசப்பட மூன்று வாரம் ஆனது. அதன் பிறகு கடைப் பெயர்ப்பலகைகள், மருந்துச் சீட்டு, நாள்காட்டியில் ராகு காலம் என்று ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். இது தெரிந்ததிலிருந்து கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பெரியவர்கள் என்னை ஓரமாக அழைத்துச் சந்தேகம் கேட்கிறார்கள். அடிக்கடி கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

“இந்த வயசுல மண்டையில ஏறுமா தம்பி?”

ஏறும். இளமையின் வேகம் இருக்காது. புதிதாகப் பார்த்த பெயர், எண் போன்றவை மனத்தில் தங்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். சொல்வளமும், ஒன்றைப் பார்த்ததும் இன்னொன்றோடு பொருத்திப் புரிந்துகொள்ளும் திறனும் முதுமையிலும் நெடுநாள் நிலைத்திருப்பவை. அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 முதல் 90 வயது வரையுள்ளவர்களை மூன்று மாதங்களுக்கு மேல், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், டிஜிட்டல் புகைப்படக்கலையும் ஒட்டுத்துணித் தையலும் கற்க வைத்தார்கள். 2014இல் வெளிவந்த அந்த ஆய்வில், புதிதாக ஒன்றைக் கற்றவர்களின் நினைவாற்றல் மேம்பட்டிருந்தது. கூடிப் பேசிப் பொழுது போக்கியவர்களிடம் அந்த அளவு முன்னேற்றம் தெரியவில்லை.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் கேரளத்துக்கு வாருங்கள். ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018இல், தம் 96ஆம் வயதில், மாநில எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 98 மதிப்பெண் எடுத்து முதலிடம் பெற்றார். பள்ளிக்கூடமே போகாத அவர் கோயில்களில் பெருக்கித் துடைத்துப் பிழைத்தவர்.

படிக்க உட்காருமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கண்ணையும் காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். “எனக்கு மறதி” என்பவர்களில் சிலருக்கு உண்மையில் எழுத்து சரியாகத் தெரிவதில்லை, சொல்வது சரியாகக் கேட்பதில்லை. இளவயதில் கல்வி குறைந்ததும், கவனிக்காமல் விட்ட கேட்புக் குறையும் பார்வைக் குறையும் மறதி நோய்க்கான ஆபத்தைக் கூட்டுபவை என்று லான்செட் மருத்துவக் குழு 2024இல் பட்டியலிட்டது. கல்விக் குறையை இப்போது ஈடு கட்டப் பார்க்கலாம். கண்ணாடியை நாளைக்கே வாங்கிவிடலாம்.

“நாங்க ஆறாம் வகுப்போட நின்னவங்க. வெட்கமா இருக்கு.”

இந்த வெட்கம் உங்களுக்கு உரியதே இல்லை. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பல துரைமார்கள் கண்டுகொள்ளவில்லை. ஒரே கொட்டகைக்குள் எல்லா வகுப்பும் நடந்தது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். சுதந்திரத்துக்குப் பிறகும், ஆறாம் வகுப்பு முடிவில் நடந்த இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வில் தவறியவர்களுக்கு மேலே வழியில்லை. அந்தத் தேர்வு 1964 வரை இருந்தது. அது போன பின்னரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படித்த பிறகே முதலாம் படிவத்துக்குப் போக முடிந்தது. இடைநிலைப்பள்ளி பட்டணத்தில் இருந்தது. பஸ் காசு யார் கொடுப்பது? விடியற்காலைப் பெரட்டுக்குப் போகிற அம்மாவுக்குப் பதிலாகத் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது யார்? மூத்த பெண்பிள்ளைகளின் படிப்பு பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே முடிந்தது.

உங்களுக்குச் சேர வேண்டியது வந்து சேரவில்லை. அதைப் பிந்தியாவது கேட்டு வாங்குவதில் என்ன கூச்சம்?

“சரி, எங்க போய்ச் சேர்றது?”

முதலில் பாவே. ‘புசாட் அக்திவித்தி வார்கா எமாஸ்’ என்பதன் சுருக்கம் இது. சமூகநல இலாகாவின் ஆதரவில், உள்ளூர்த் தன்னார்வலர்கள் நடத்தும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம். 60 வயதான குடிமக்கள் சேரலாம். உடற்பயிற்சி, கைவேலை, சுகாதாரப் பேச்சு, கணினி என்று மையத்துக்கு மையம் மாறும். பாரோய்க்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வருவதுண்டு. தேர்தலில் பாரோய் சட்டமன்றத் தொகுதி ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. மாவட்டம் என்று பார்த்தால் சிரம்பான். சமூகநல இலாகாவின் அலுவலகங்கள் மாவட்ட வாரியாக இயங்குவதால் சிரம்பான் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அடுத்தது சமூகக் கல்லூரி. மலாயில் கோலேஜ் கொமுனிட்டி. 2001இல் தொடங்கிய இந்தக் கல்லூரிகள் நெகிரி செம்பிலானில் ஜெம்போல், ஜெலெபு, ரெம்பாவ் ஆகிய இடங்களில் உள்ளன. எஸ்.பி.எம். முடித்த இளையோருக்கான படிப்புகளோடு, பொதுமக்களுக்கென்று சில மணி நேரத்திலிருந்து சில நாட்கள் வரையிலான குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்துகின்றன. தையல், கேக், ரொட்டி, கணினி, கைத்தொலைபேசி வழி வியாபாரம் என்று தலைப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். கட்டணம் குறைவு, கல்வித்தகுதி கேட்பதில்லை. நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சங்கமோ கோயில் குழுவோ ஆட்களைத் திரட்டிக்கொண்டு கேட்டால், கல்லூரி பயிற்றுநரை அனுப்பி வெளியிடத்தில் வகுப்பு நடத்துவதும் உண்டு. ரெம்பாவுக்குப் பஸ் ஏற முடியாத பாட்டிக்கு இதுவே சரியான வழி.

கைத்தொலைபேசி, இணையம் மட்டும் போதும் என்பவர்கள் நாடி மையத்துக்குப் போகலாம். முன்பு பெடி என்றும் அதற்கு முன் இணைய மையம் என்றும் இருந்ததே, அதற்கு 2025இல் வந்த புதிய பெயர் நாடி. தொடர்பு பல்லூடக ஆணையத்தின் கீழ் நாடு முழுவதும் 1,000க்கு மேற்பட்ட மையங்கள் உள்ளன. பயிற்சி இலவசம்.

கொஞ்சம் பயணம் செய்ய முடிந்தவர்களுக்கு மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பிறந்த யோசனை இது. பெயரில்தான் பல்கலைக்கழகம். தேர்வு இல்லை, பட்டம் இல்லை, முன்தகுதியும் கேட்பதில்லை. ஆர்வத்துக்காகக் கற்பதும், தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லித்தருவதும் அதன் முறை. மலேசியாவில் 2007இல் புத்ரா பல்கலைக்கழகத்தின் முதுமையியல் கழகம், ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் ஆதரவோடு இதைத் தொடங்கியது. சிரம்பானிலிருந்து கொமுட்டர் ரயிலில் ஏறினால் காஜாங், செர்டாங் எல்லாம் ஒரே தடம். 60 வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணம்தான், ஐ.சி.யை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

“எல்லாம் மலாயில தானே? எங்களுக்கு எப்படிப் புரியும்?”

நான் கேட்டதிலேயே நியாயமான சந்தேகம் இதுதான். பாவே, சமூகக் கல்லூரி, நாடி எல்லாவற்றிலும் மலாய்தான் வகுப்பு மொழி. தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பாசார் மலாய் வாயில் சரளமாக வரும், வாசிக்க வராது. இலாகாவிலிருந்து வரும் கடிதத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு மகன் வேலை முடிந்து வரும்வரை காத்திருப்பவர்கள் எத்தனை பேர்! தமிழில் நடத்தும் முதியோர் வகுப்புகளை அரசாங்கம் தந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை, மலாய் வாசிக்கத் தெரிந்த ஓர் இளையவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போவதே நடைமுறை வழி.

மலாய் வாசிக்கக் கற்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்னும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் நம் பெரியவர்கள் உண்டு. அரசியலமைப்பின் 19ஆம் பிரிவின்கீழ் குடியுரிமை கேட்போருக்குப் போதிய மலாய் அறிவு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த மண்ணில் நாற்பது ஐம்பது ஆண்டு உழைத்தவரை மொழியைக் காட்டி நிறுத்தக் கூடாது என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அவர்களுக்கு மலாய் வகுப்பு பொழுதுபோக்காக இருக்க முடியாது.

“சான்றிதழ் வாங்க முடியுமா? பட்டம்கூடப் படிக்கலாமா?”

முடியும். எஸ்.பி.எம். தேர்வைத் தனியார் பரீட்சார்த்தியாக எழுத உச்ச வயது வரம்பு கிடையாது. மலாயிலும் வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பதிவு பற்றி மாநிலக் கல்வி இலாகாவில் கேட்கலாம்.

எஸ்.பி.எம். இல்லாமலே மேலே போகவும் வழி உண்டு. அனுபவத்தைக் கல்வித்தகுதியாக ஏற்கும் அப்பெல் முறையில், 21 வயது கடந்தவர் தம் வேலை அனுபவத்துக்கான ஆவணங்களைத் தொகுத்துக் கொடுத்து, திறனறித் தேர்விலும் தேறினால் இளங்கலைப் படிப்பில் சேரலாம். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேலைக்குப் போகிறவர்களையும் வயதானவர்களையும் மனத்தில் வைத்து நடப்பது. ஆனால் தேர்வும் பாடமும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். ஓய்வு பெற்ற கிராணிக்கும் ஆசிரியருக்கும் மருத்துவமனை உதவியாளருக்கும் இது பொருந்தும். எழுத்துக் கூட்டத் தொடங்கியிருப்பவரை இதில் தள்ள வேண்டாம்.

“பணம்?”

பாவேயிலும் நாடியிலும் செலவு பெரிதாக இருக்காது. பட்டப்படிப்புக்கு மட்டும்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிடைக்காது. ஊழியர் சேமநிதியில் 55 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் படிப்புக்காக ஒரு பகுதியை எடுக்க அனுமதி உண்டு. 55 ஆனவர்களுக்கு அதுவரை சேர்ந்த பணம் எப்படியும் கைக்கு எட்டும் பணம்தான், காரணம் காட்டத் தேவையில்லை. ஆனால் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் இருக்கும் சேமநிதியை எடுத்துப் பட்டம் வாங்கப் போகாதீர்கள். இதைக் கறாராகவே சொல்கிறேன்.

“போனைத் தொட்டாலே பணம் போயிடும்னு பயமா இருக்கே?”

பயம் வீணானதில்லை. மோசடிக்காரர்கள் வயதானவர்களைத் தேடித்தான் வருகிறார்கள். ஆனால் தெரியாமல் இருப்பது காப்பாற்றாது. வங்கி அனுப்பும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது, போலீஸ் என்று சொல்லிக்கொண்டு பணம் கேட்டால் அழைப்பைத் துண்டிக்க வேண்டும், தெரியாத இணைப்பை அமுக்கக் கூடாது. இந்த மூன்றையும் பழகுவது முதல் பாடமாக இருக்கட்டும். பணம் போய்விட்டால் உடனே 997க்கு அழைக்க வேண்டும். 2022இல் அமைந்த தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு கூடும்.

“பேரப்பிள்ளையப் பாத்துக்கிட்டு வீட்ல இருக்கிறது போதாதா?”

இந்தக் கேள்வியைப் பெரியவர்களைவிட அவர்களின் பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் பிள்ளைகளுக்கே பதில் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு மணி நேரம் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவை வகுப்பு வாசலில் இறக்கிவிட்டு, முடிந்ததும் போய் அழைத்து வாருங்கள். உங்கள் படிப்புக்காக அவர் இருட்டில் எழுந்து காட்டுக்குப் போனார்.

சிரம்பான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி நிர்வாகங்களிடமும் கோயில் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாலை ஓர் அறை, ஒரு வெண்பலகை, கைப்பிடி உள்ள பத்து நாற்காலி, பெரிய எழுத்தில் அச்சடித்த தாள் போதும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள், கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். முதல் மாதம் பெயரெழுதவும், அடுத்த மாதம் இலாகா கடிதம் வாசிக்கவும், மூன்றாம் மாதம் கைத்தொலைபேசியும் சொல்லிக்கொடுங்கள். 2030இல் மலேசிய மக்களில் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்று அரசாங்கமே கணித்திருக்கிறது. தோட்டத்துத் தலைமுறைக்கு அவ்வளவு நாள் காத்திருக்க நேரமில்லை. அந்த அறையை இந்த மாதமே திறந்து கொடுங்கள்.