உங்களுக்குத் தெரியுமா? யுஎஸ்பி போர்ட் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்!

லேப்டாப்பின் யுஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை மின்சாரம் தரும், 3.0 போர்ட் 900 வரை. செருகிய சாதனம் அளவுக்கு மீறி இழுத்தாலோ, ஷார்ட் ஆனாலோ, பாதுகாப்புக்காக இணைப்பு துண்டிக்கப்படும். மவுஸ், பென் டிரைவ் எதுவும் வேலை செய்யவில்லையா? போர்ட் போயே போச்சு என்று முடிவு கட்டாதீர்கள்.

● செருகியதையெல்லாம் கழற்றி, ஷட் டவுன் செய்து, சார்ஜரையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

● விண்டோஸ் ‘டிவைஸ் மேனேஜ’ரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியிலுள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த விண்டோஸே போர்ட்டைத் தூங்கவைப்பது நிற்கும்.

● டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் சர்வீஸ் சென்டர்தான்.