சிறகு வேணுமா, வேண்டாமா? புகையான் எடுக்கும் முடிவு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை, வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நம்ம ஹீரோ, இல்லை வில்லன்னே வெச்சுக்கலாம், சுமார் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பூச்சி. பழுப்பு நிறம். நெல் பயிரோட அடித்தண்டுல, தண்ணிக்குக் கொஞ்சம் மேல உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மேலே இருந்து பார்த்தா வயல் பச்சைப்பசேல்னு நல்லாத்தான் தெரியும். குனிஞ்சு தூரை விலக்கிப் பார்த்தாத்தான் கூட்டம் கூட்டமா இருக்கறது தெரியும். பார்க்காம விட்டா, ஒரு வாரம் பத்து நாள்ல வயலுக்கு நடுவுல வட்ட வட்டமா பயிர் காய்ஞ்சு, தீயில கருகின மாதிரி ஆகிடும். அதனாலதானோ என்னவோ, நம்ம ஊர்ல இதுக்குப் பேரு புகையான். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைன்னு டெல்டாவுல எந்த விவசாயிகிட்ட இந்தப் பேரைச் சொன்னாலும் முகம் மாறும். சம்பா கதிர் வாங்குற நேரத்துல இது வந்துட்டா, ஒரு வருஷத்து உழைப்பு போச்சு.

ஆனா நான் இன்னைக்கு சொல்லப்போறது பயிர் பாதுகாப்புக் குறிப்பு மட்டும் இல்லை. இந்தப் பூச்சிகிட்ட ஒரு ஆச்சரியம் இருக்கு. புகையான்ல ரெண்டு விதம் உண்டு. ஒண்ணுக்கு நீளமான சிறகு, நல்லா பறக்கும். இன்னொண்ணுக்கு குட்டைச் சிறகு, பறக்கவே முடியாது. ரெண்டும் வேற வேற இனம்னு நினைச்சா தப்பு. ஒரே தாய் போட்ட முட்டைகள்ல இருந்து ரெண்டு விதமும் வரும்.

அப்போ வித்தியாசம் எங்கே இருந்து வருது?

சுவடி ஒண்ணு, நகல் பல

தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தை நினைச்சுக்கோங்க. அங்கே இருக்கற பழைய ஓலைச்சுவடியை யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. வேணும்னா தேவையான பகுதியை மட்டும் நகல் எடுத்துக்கலாம். ஆயிரக்கணக்கான சுவடிகள் இருந்தாலும், இன்னைக்கு எதை நகல் எடுத்தோமோ அதுதான் வெளியே போய் வேலை செய்யும். மத்ததெல்லாம் அலமாரியில தூங்கும்.

நம்ம செல்லும் ஏறக்குறைய அப்படித்தான். டி.என்.ஏ. தான் சுவடி. அதுல இருக்கற ஒவ்வொரு மரபணுவும் ஒரு செய்முறை. செல் தனக்குத் தேவையான மரபணுவை மட்டும் ஆர்.என்.ஏ.வா நகல் எடுக்கும். அந்த நகலைப் பார்த்துப் புரதம் தயாராகும். எந்த மரபணு, எப்போ, எந்த உறுப்புல, எவ்வளவு நகல் எடுக்கப்படுதுங்கறதைத்தான் மரபணு வெளிப்பாடுன்னு சொல்றாங்க. உங்க கண்ணுல இருக்கற செல்லுக்கும் கல்லீரல்ல இருக்கற செல்லுக்கும் டி.என்.ஏ. ஒண்ணுதான். எடுத்த நகல்கள்தான் வேற.

புகையான் இதையே ஒரு படி மேல கொண்டு போயிடுச்சு. ஒரே மரபணுத் தொகுப்பை ரெண்டு விதமா வாசிச்சு, ரெண்டு விதமான உடம்பையே உண்டாக்குது.

இன்சுலினுக்கும் சிறகுக்கும் என்ன சம்பந்தம்?

முட்டையில இருந்து வந்த குஞ்சு, ஐந்து பருவம் கடந்துதான் முழுப் பூச்சியாகும். குஞ்சுகளோட முதுகுல சிறகு மொட்டு மாதிரி இருக்கும். ஆரம்பத்துல எல்லாக் குஞ்சுகளும் பார்க்க ஒரே மாதிரிதான். அந்த மொட்டு நீளச் சிறகா வளருமா, குட்டையா நின்னுடுமாங்கறது போகப் போகத்தான் முடிவாகும்.

அந்த முடிவை எடுக்கற பொத்தான் எதுன்னு 2015-ல தெரிஞ்சது. சீனாவோட ஜெஜியாங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழ்ல அதை வெளியிட்டாங்க. பதில் இன்சுலின்! ஆமா, சர்க்கரை நோய்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்ற அதே இன்சுலின் குடும்பம். பூச்சிகளோட மூளையிலயும் இன்சுலின் மாதிரியான பொருட்கள் சுரக்குது. அதை வாங்கிக்க செல்லோட மேற்பரப்புல ஏற்பி வேணும். புகையான்கிட்ட இதுல ரெண்டு ஏற்பி இருக்கு. ஒண்ணாவது ஏற்பி, ரெண்டாவது ஏற்பின்னு வெச்சுப்போம்.

ஒண்ணாவது ஏற்பி வேலை செஞ்சா, "வளர்"னு செய்தி உள்ளே போகும், நீளச் சிறகு வரும். ரெண்டாவது ஏற்பி அந்தச் செய்தியைத் தடுக்கும், சிறகு குட்டையா நின்னுடும். நடுவுல ஃபாக்ஸ்ஓ-னு ஒரு புரதம் காவல்காரன் மாதிரி இருக்கு. "வளர்"ங்கற செய்தி வந்தா அது செல்லோட உட்கருவுக்கு வெளியேயே நிக்கும். செய்தி வரலைன்னா உட்கருவுக்குள்ள போய், சிறகு வளர்ச்சியை நிறுத்திடும்.

இதை எப்படி நிரூபிச்சாங்க? ஒரு குறிப்பிட்ட மரபணுவோட ஆர்.என்.ஏ. நகலை மட்டும் தேடி அழிக்கற ஒரு முறை இருக்கு, ஆர்.என்.ஏ. குறுக்கீடு. இதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2006-ல ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. நம்ம நூலகக் கணக்குல, சுவடி பத்திரமா இருக்கு, நகலை மட்டும் கிழிச்சுப் போடறோம். குஞ்சுகள்ல ஒண்ணாவது ஏற்பியோட நகலை அழிச்சாங்க, குட்டைச் சிறகு வந்துச்சு. ரெண்டாவது ஏற்பியோட நகலை அழிச்சாங்க, நீளச் சிறகு வந்துச்சு. டி.என்.ஏ.வுல ஒரு எழுத்தைக்கூடத் தொடலை!

பயிர் சொல்ற சேதி

சரி, பொத்தான் இருக்கு. அதை யார் அமுக்கறாங்க?

பெரும்பங்கு நெல் பயிர்தான். 2018-ல வந்த ஒரு ஆய்வு, பயிர்ல இருக்கற குளுக்கோஸ் அளவைக் கை காட்டுது. தூர் கட்டுற இளம் பயிர்ல குளுக்கோஸ் குறைவு, அங்கே வளர்ற குஞ்சுகள்ல குட்டைச் சிறகு அதிகம். பயிர் முத்தி, மணி பழுக்கற கட்டத்துல குளுக்கோஸ் கூடுது, நீளச் சிறகும் கூடுது. அதாவது, "சாப்பாடு இன்னும் நாள் ஓடும், இங்கேயே இரு", "பந்தி முடியப்போகுது, இலையை மாத்து"ங்கற ரெண்டு சேதியையும் பூச்சி நாக்குலயே தெரிஞ்சுக்குது. கூட்டம் ரொம்ப நெருக்கமானாலும் நீளச் சிறகு கூடும்.

இதுல விவசாயிக்கு என்ன? நிறைய இருக்கு. குட்டைச் சிறகு உள்ள பெண் பூச்சி, பறக்கறதுக்குச் செலவழிக்க வேண்டிய சக்தியை முட்டையில போடும். சீக்கிரமா முட்டையிட ஆரம்பிச்சு, அதிகமாவும் இடும். அதனால வயல்ல குட்டைச் சிறகுப் பெண்கள் நிறைய தெரிஞ்சா, அடுத்த தலைமுறை இதே வயல்ல பெருகப்போகுதுன்னு அர்த்தம். நீளச் சிறகு பெருகினா, பக்கத்து வயலுக்கும் அடுத்த ஊருக்கும் கிளம்பப்போகுதுன்னு அர்த்தம். ஜப்பான், கொரியா மாதிரி குளிர் நாடுகள்ல இந்தப் பூச்சி குளிர்காலத்தைத் தாண்டாது. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் தெற்கே இருந்து காத்தோட பறந்து போய் இறங்குது. நம்ம டெல்டாவுல குறுவை, சம்பா, தாளடின்னு மாத்தி மாத்தி நெல் இருக்கறதால, அதுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை.

இதே வித்தை, குளத்துல

சூழல் பார்த்து மரபணுவை வாசிக்கறது பூச்சிக்கு மட்டும் வாய்ச்ச திறமை இல்லை. ஜிலேபி மீன் தெரியும்ல? டெல்டாவுல குளம், வாய்க்கால்னு எங்கே வலை போட்டாலும் மாட்டும். ஆப்பிரிக்க மீன், 1952-ல இந்தியாவுக்கு வந்தது. அதோட நெருங்கின சொந்தமான நைல் திலேப்பியாவுல, குஞ்சு பொரிச்ச ஆரம்ப நாட்கள்ல தண்ணியோட சூடு 34 டிகிரிக்கு மேல இருந்தா, பிறப்பால பெண்ணா இருக்க வேண்டிய குஞ்சுகள்லயும் பல ஆணா வளரும். காரணம், ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனா மாத்தற அரோமட்டேஸ்ங்கற நொதி. சூட்டுல அந்த நொதிக்கான மரபணுவோட வெளிப்பாடு குறைஞ்சிடுது. டி.என்.ஏ. மாறலை, வாசிப்பு மாறிடுச்சு.

நெல்லுக்குள்ள ஒளிஞ்சிருந்த மரபணு

இப்போ நெல் பக்கம் வருவோம். புகையானைத் தாங்கற மரபணு நெல்லுலயும் உண்டு. அந்தத் தேடல்ல தமிழ்நாட்டு ரகங்களுக்குப் பெரிய இடம் இருக்கு. முதல்ல கண்டுபிடிச்ச ரெண்டு எதிர்ப்பு மரபணுக்கள்ல ஒண்ணு, அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி.7 ரகத்துல கிடைச்சது. 1971-ல வெளியான கண்டுபிடிப்பு அது.

அதைவிட சுவாரசியம், திருவள்ளூர் பக்கம் திரூர்குப்பத்துல இருந்து வந்த டி.கே.எம்.6. இந்த ரகத்தைப் புகையான் நல்லாவே தாக்கும். ஆனா பிலிப்பைன்ஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துல இதை வேற ரகத்தோட கலப்பு பண்ணப்போ, பிறந்த பிள்ளைகள்ல சிலது புகையானைத் தாங்கி நின்னுச்சு! பெற்றோர் ரெண்டு பேருகிட்டயும் தெரியாத குணம் எங்கே இருந்து வந்தது? 1974-ல மார்டினெஸ், குர்தேவ் குஷ் ரெண்டு பேரும் விளக்கம் கொடுத்தாங்க. டி.கே.எம்.6-கிட்ட எதிர்ப்பு மரபணு இருக்கு, கூடவே அதை அடக்கி வைக்கற இன்னொரு மரபணுவும் இருக்கு. கலப்புல அடக்கற மரபணு பிரிஞ்சு போனதும், ஒளிஞ்சிருந்தது வெளியே வந்துடுச்சு. அப்படிப் பிறந்ததுதான் 1973-ல வந்த ஐ.ஆர்.26. அலமாரியில பூட்டிக் கிடந்த சுவடிக்குச் சாவி கிடைச்ச கதை.

ஆனா புகையான் சும்மா இருக்குமா? ரெண்டு மூணு வருஷத்துலயே ஐ.ஆர்.26-ஐச் சாப்பிடற கூட்டம் உருவாகிடுச்சு. அப்புறம் ஐ.ஆர்.36 வந்தது. இன்னமும் ஓடிக்கிட்டே இருக்கற ஓட்டப்பந்தயம் இது.

மருந்து அடிச்சா ஏன் கூடுது?

இந்த எபிசோடோட முக்கியமான இடம் இதுதான். புகையானைப் பார்த்ததும் பதறி மருந்து அடிச்சு, கொஞ்ச நாள்லயே முன்னைவிட அதிகமா பூச்சி வந்து நிக்கறது நிறைய பேர் பட்ட அனுபவம். இது மாயமந்திரம் இல்லை, மூணு காரணம் இருக்கு.

முதல் காரணம், நண்பர்களை நாமே கொல்றோம். சிலந்தி புகையானைப் பிடிச்சுத் தின்னும், மிரிட் நாவாய்ப்பூச்சி அதோட முட்டையை உறிஞ்சிடும். மருந்துல இவங்க முதல்ல செத்துடுவாங்க. புகையான் முட்டையோ இலையுறைக்குள்ள பத்திரமா இருக்கும்.

ரெண்டாவது, சில மருந்துகள் தப்பிப் பிழைச்ச புகையானை அதிகமா முட்டையிட வைக்குது. செல்லையா, ஹைன்ரிக்ஸ் ரெண்டு பேரும் 1980-லயே இதை ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. செயற்கை பைரித்ராய்டு, மீத்தைல் பாரத்தியான், குயினால்பாஸ் எல்லாம் இப்படிப் புகையானைத் திரும்பப் பெருக வைக்கற பட்டியல்ல இருக்கு.

மூணாவதுல மறுபடியும் மரபணு வெளிப்பாடு வருது. இமிடாகுளோபிரிட்ங்கற மருந்து ஒரு காலத்துல புகையானுக்குக் கைகண்ட மருந்து. இப்போ பல நாடுகள்ல அது சரியா கேக்கறதில்லை. பூச்சி உடம்புல விஷத்தை உடைக்கற நொதிகள் இருக்கு. அதுல ஒரு நொதிக்கான மரபணு, ரெண்டு பிரதியா பெருகி, ஒரு பிரதி கொஞ்சம் மாறி, அந்த மாறின பிரதி பல மடங்கு அதிகமா வெளிப்படுதுன்னு 2018-ல காட்டினாங்க. மருந்து உள்ளே போனதும் உடைச்சுத் தள்ளிடும். நாம திரும்பத் திரும்ப ஒரே மருந்தை அடிக்கும்போது, இந்தத் திறமை உள்ள பூச்சிகளை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்க்கறோம்.

இந்தோனேசியா இதைப் பெரிய விலை கொடுத்துக் கத்துக்கிச்சு. அரசே மானியம் கொடுத்து மருந்து அடிக்க வெச்சது, புகையான் அடங்கவே இல்லை. கடைசியில 1986-ல அதிபர் சுகார்த்தோ, நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை பண்ணி உத்தரவு போட்டார். மானியத்தையும் படிப்படியா எடுத்தாங்க. பூச்சி, நண்பன் ரெண்டையும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்க விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தாங்க.

எண்ணிட்டு அடி

இங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட பரிந்துரையும் எண்ணிக்கையில இருந்துதான் தொடங்குது. சிலந்தி இல்லாத வயல்ல, ஒரு தூருக்கு 1 புகையான் இருந்தா நடவடிக்கை எடுக்கணும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா, தூருக்கு 2 வரைக்கும் பொறுக்கலாம். ஒரு சிலந்தி இருக்கறதாலயே, பொறுக்கற அளவு ரெண்டு மடங்காகுது, கவனிச்சீங்களா?

மத்த வழிகளும் எளிமையானதுதான். நடும்போதே ஏறக்குறைய எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டா, காத்தும் வெளிச்சமும் தூர் வரைக்கும் போகும், புகையானுக்கு அது பிடிக்காது. யூரியாவை அளவோட, பிரிச்சுப் பிரிச்சுப் போடணும். தழைச்சத்து கூடினா பயிர் மட்டும் செழிக்காது, பூச்சியும் செழிக்கும். தண்ணியை வடிச்சு வடிச்சுக் கட்டணும். மருந்து அடிச்சே ஆகணும்னா, தண்ணியை வடிச்சுட்டு, பூச்சி இருக்கற அடித்தூர்ல படற மாதிரி அடிக்கணும். மேலோட்டமா இலையில அடிச்சா சிலந்திக்குத்தான் கேடு.

எதிர்காலத்துல ஆர்.என்.ஏ. குறுக்கீட்டையே மருந்தா தெளிக்க முடியுமான்னும் ஆராய்ச்சி நடக்குது. அமெரிக்காவுல உருளைக்கிழங்கு வண்டுக்கு அப்படி ஒரு தெளிப்பு மருந்துக்கு 2023 டிசம்பர்ல அனுமதி கிடைச்சது. ஆனா அந்த வண்டு இலையைக் கடிச்சுத் தின்னும், தெளிச்சது நேரா வயித்துக்குப் போயிடும். புகையான் தண்டுக்குள்ள ஊசி போட்டு உறிஞ்சற ஆள். அதுகிட்ட மருந்தைக் கொண்டு சேர்க்கறது இன்னும் பெரிய வேலை.

அதுவரைக்கும், கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவுல, 1922-ல தொடங்கின ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் மாதிரி இடங்கள்ல புது ரகங்களுக்கான வேலை நடந்துக்கிட்டு இருக்கும். வயல்ல குனிஞ்சு தூரை விலக்கி எண்ணற வேலை விவசாயியோடது. நம்ம தட்டுல விழற ஒவ்வொரு பிடி சோத்துக்கும் பின்னால இந்த ரெண்டு வேலையும் இருக்கு.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, ஊர்ல நெல் போடற சித்தப்பா, மாமா யாராவது இருந்தா அவங்களுக்கு அனுப்புங்க. அப்படியே, "உங்க வயல்ல சிலந்தி இருக்கா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவங்ககிட்ட இருந்து வர்ற பதிலை எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.