ஒரு அட்டை 12.6 மில்லியன் டாலர்... அப்போ கார்டு கடை போட்டா கோடீஸ்வரரா?

பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் படம் போட்ட, 1952-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட சின்ன அட்டை. 2022-ல் அமெரிக்காவில் 12.6 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. 'நாமும் ஒரு கார்டு கடை போட்டுடலாமா?' என்று தோணுதா? கொஞ்சம் பொறுங்க பாஸ்!

1980-களின் கடைசியில் அமெரிக்காவில் பலர் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். விலை ஏறும் என்று பெட்டி பெட்டியாகப் பதுக்கினார்கள். நிறுவனங்களும் அச்சடித்துத் தள்ளின. எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருளை யார் காசு கொடுத்து வாங்குவாங்க? 90-களில் விலை சரிந்து, பல கடைகள் மூடப்பட்டன. பாக்கெட்டின் மெழுகுத்தாளையும் குப்பையையும் சேர்த்து அந்தக் காலத்துக்கே 'ஜங்க் வேக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதனால், லாபம் விற்பதில் இல்லை, வாங்குவதில்தான் இருக்கு. 100 டாலருக்குப் போகும் கார்டை 90-க்கு வாங்கினால் வாடகைக்கே பத்தாது. விலை பார்க்கும்போது, ஈபேயில் 'கேட்கிற விலை'யை விடுங்க. 'விற்ற விலை'யைப் பாருங்க. பி.எஸ்.ஏ போன்ற நிறுவனங்கள் 10 வரை தர மதிப்பெண் தரும். கார்டின் மூலை லேசாக மழுங்கியிருந்தாலே மதிப்பெண்ணும் விலையும் இறங்கும். அரிய கார்டு என்றைக்கோ விற்கும். பிளாஸ்டிக் உறையும் ஆல்பமும்தான் தினசரி கல்லாவை நிரப்பும்.

முக்கியமா ஒண்ணு. தாத்தாவின் பழைய பெட்டியோடு வருபவருக்கு அதன் மதிப்பு தெரியாமல் இருக்கலாம். நல்ல கார்டு கண்ணில் பட்டால் நீங்களே சொல்லிடுங்க. அடிமாட்டு விலைக்கு அமுக்கினால் ஒருநாள் லாபம். உண்மையைச் சொன்னால், அடுத்த பெட்டியும் உங்க கடைக்கே வரும்!