விடியற்காலைக் காற்றும் மழையும்: சைக்கிளில் புறப்படுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உலு லங்காட், உலு யாம், பிரேசர் மலை அடிவாரம் ஆகிய பகுதிகளுக்குப் போனால், தலைக்கவசமும் ஒளிரும் சட்டையும் அணிந்து வரிசையாகப் போகும் சைக்கிளோட்டிகளைப் பார்க்கலாம். அவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் தோட்டத்தில் சைக்கிள் என்றால் அது வேலைக்கானது. பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு செம்மண் பாதையில் ஓட்டியவர்கள் நம் தாத்தாக்களும் பாட்டிகளும். இன்று அதே சைக்கிள் உடற்பயிற்சிக்கும் பொழுதுபோக்கிற்கும் ஆகிவிட்டது. விலையும் மோட்டார் சைக்கிளைத் தாண்டிப் போய்விட்டது!

ஆனால் அந்தப் பழைய தலைமுறையிடம் இருந்த ஒரு பழக்கம் நம்மிடம் இல்லை. பெரட்டுக்குப் போகும் முன் அவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. வயிற்றுப்பாடு அதில் இருந்ததால் எந்தப் பக்கம் இருட்டினால் மழை எப்போது வரும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. நாமோ முதல் நாள் இரவே வாட்ஸ்அப் குழுவில் "காலை 6 மணி, வழக்கமான இடம்" என்று போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறோம். காலையில் வானம் எப்படி இருந்தாலும் 'வரவில்லை' என்று முதலில் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

நம் நாட்டில் பருவக்காற்று இரண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அது கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களைத்தான் அதிகம் வாட்டும். மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இவை இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகலில் வெயில் கொளுத்தி, மாலையில் இடியோடு மழை கொட்டும். இந்த மாலை மழை எல்லாருக்கும் தெரிந்தது. அதனால்தான் சைக்கிளோட்டிகள் காலை நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கணக்கைத் தப்பாக்குவது சுமத்ரா காற்று.

தென்மேற்குப் பருவத்திலும் இடைப்பட்ட மாதங்களிலும், சுமத்ரா தீவிலோ மலாக்கா நீரிணையிலோ இடிமேகங்கள் ஒரு நீண்ட கோடுபோல் உருவாகும். அந்தக் கோடு கிழக்கே நகர்ந்து பெரும்பாலும் பின்னிரவிலும் காலையிலும் தீபகற்பத்தின் மேற்குக் கரையையும் சிங்கப்பூரையும் தாக்கும். நாம் சைக்கிளை வெளியே எடுக்கும் அதே நேரம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரமும் அதுதான். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். 2024 செப்டம்பர் 17ஆம் தேதி சிங்கப்பூரில் அடித்த காற்றில் மரங்கள் பல சாய்ந்தன. 1984 ஏப்ரல் 25ஆம் தேதி அங்கு தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகம் பதிவாகியிருக்கிறது.

மழைக்கு முன்பே காற்று வருவது ஏன்? மேகத்திலிருந்து விழும் மழைநீரில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது பொத்தென்று கீழே இறங்கித் தரையில் மோதி, முன்னோக்கிப் பாய்கிறது. பெரிய வாளித் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் கொட்டினால் எப்படிப் பரவும், அப்படி. ஆகவே புழுக்கமாக இருந்த காலையில் திடீரென்று முகத்தில் சில்லென்று காற்று பட்டால், "ஆகா, நல்ல காற்று" என்று மகிழ வேண்டாம். மேற்கு வானத்தைப் பாருங்கள். கருநீலத்தில் தாழ்வாக, சுருட்டிய பாய்போல் ஒரு மேகப்பட்டை தெரிந்தால் உங்களுக்கு இருப்பது சில நிமிடங்கள் மட்டுமே. சைக்கிளால் அதை முந்த முடியாது. அருகிலுள்ள கட்டடத்துக்குள் நுழைவதுதான் வழி. மழையும் காற்றும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஒரு தே தாரேக்கும் ரொட்டி சானாயும் சாப்பிட்டு முடிக்கும் நேரம்.

இனி எதிர்காற்றைப் பார்ப்போம். சமதரையில் சைக்கிள் ஓட்டும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. காற்று தரும் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓட்டும் ஒருவர்மீது எதிரே 20 கிலோமீட்டர் காற்று வீசினால், அவர் உடம்பு 40 கிலோமீட்டர் காற்றைச் சந்திக்கிறது. தடை நான்கு மடங்காகிவிடும். அப்போதும் அதே வேகத்தில் போயே தீருவேன் என்று மிதிப்பவர் பத்தே நிமிடத்தில் களைத்துப்போவார். மலை ஏறும்போது கியரைக் குறைப்பதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. எதிர்காற்றும் கண்ணுக்குத் தெரியாத மலைதான். கியரைக் குறைத்து, உடம்பைத் தாழ்த்தி, வேகமானியைப் பார்க்காமல் ஓட்டுங்கள்.

"போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, ஆக மொத்தம் சரியாகிவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 20 கிலோமீட்டர் போய் 20 கிலோமீட்டர் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் மொத்தம் 80 நிமிடம். காற்றுள்ள நாளில் போகும்போது 20 கிலோமீட்டர் வேகம், வரும்போது 40 என்றால் 60 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 90 நிமிடம். எதிர்காற்றில் நெடுநேரம் செலவாகிறது, பின்காற்றின் உதவியோ குறைந்த நேரமே கிடைக்கிறது. அதனால் பழகியவர்கள் முதலில் காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புவார்கள். பின்காற்றில் உற்சாகமாக வெகுதூரம் போய்விட்டுத் திரும்பும்போது தவிப்பவர்களை செகிஞ்சான் வயல்வெளிச் சாலைகளில் பார்க்கலாம். அங்கு காற்றை மறைக்க ஒரு மரம்கூடக் கிடையாது. கடலோரங்களில் இன்னொன்றும் உண்டு. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, நண்பகலுக்குள் கடற்காற்று வீசத் தொடங்கும். மேற்குக் கரைச் சாலை வடக்குத் தெற்காகப் போவதால் அந்தக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்.

எதிர்காற்று களைப்பைத்தான் தரும். ஆளைக் கவிழ்ப்பது பக்கக்காற்று. அது சீராக வீசினால் சமாளிக்கலாம். விட்டு விட்டு வீசும்போதுதான் ஆபத்து. காற்றை எதிர்த்துச் சற்றே சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்போம். சட்டென்று காற்று நின்றால் சைக்கிள் அந்தப் பக்கமே ஓடும். பெரிய லோரி நம்மைக் கடக்கும்போது இதுதான் நடக்கிறது. லோரி பக்கத்தில் வரும்போது காற்று மறைந்து நாம் அதன் பக்கம் இழுபடுவோம். அது கடந்த மறுகணம் காற்று மீண்டும் வந்து அறையும். பாலத்தின் மேல் ஏறும்போது, கடைவரிசை முடியும் இடத்தில், செம்பனைக் காடு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் எல்லாம் இப்படி ஒரு அறை காத்திருக்கும். அந்த இடங்களை முன்கூட்டியே எதிர்பார்ப்பது பாதி வெற்றி. கைப்பிடியின் தாழ்ந்த பகுதியைப் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். இறுக்கிப் பிடித்தால் காற்றின் ஒவ்வோர் உதறலும் நேராக முன்சக்கரத்துக்குப் போகும். சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டியே போகாமல், தடுமாறினாலும் விழாத அளவுக்கு ஓரத்தில் இடம் விட்டுக்கொள்ளுங்கள்.

சக்கர விளிம்பு உயரமாக இருக்கும் கார்பன் சக்கரங்கள் இப்போது நம் இளைஞர்களிடம் பெருமைக்குரிய பொருள். காற்றில்லாத நாளில் அவை வேகம் கொடுக்கும். பக்கக்காற்றில் அவை பாய்மரம். முன்சக்கரத்துக்காவது விளிம்பு தாழ்ந்த சக்கரத்தைப் போடுவது நல்லது. பொன்சோ மழைக்கோட்டும் அப்படியே. அது காற்றைப் பிடித்து ஆளை இழுப்பதோடு, சக்கரத்திலும் சிக்கும். உடம்போடு ஒட்டிய மெல்லிய மழைச்சட்டைதான் சரி. ஒரு கையில் குடை, மறு கையில் கைப்பிடி என்று கடைக்குப் போகும் பெரியவர்களைத் தாமான்களில் இன்றும் பார்க்கிறோம். அவர்களிடம் பணிவோடு சொல்லுங்கள், மழை விட்ட பிறகு போகலாம் என்று.

குழுவாகப் போனால் முன்னால் போகிறவரின் பின்னால் ஒண்டிக்கொள்ளலாம். காற்றுத் தடை நன்றாகக் குறையும். 1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் போட்டியில், பக்கக்காற்று வீசினால் வீரர்கள் சாலைக்குக் குறுக்கே சாய்கோடாக விரிந்து, ஒருவர் மற்றவரின் பக்கவாட்டில் மறைந்து ஓட்டுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது சாலையை மூடி நடத்தும் போட்டி. போக்குவரத்துள்ள சாலையில் அதைச் செய்து பார்க்கக் கூடாது. சிங்கப்பூரில் 2022 ஜனவரி 1 முதல், ஒற்றை வரிசையில் போனால் ஐவர், இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர் என்ற வரம்பே இருக்கிறது. காற்று பலமாக உள்ள நாளில் முன்சக்கரத்துக்கும் அடுத்தவரின் பின்சக்கரத்துக்கும் இடையே வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விடுங்கள். ஒருவர் தடுமாறினால் நால்வர் விழும் கதை அப்படித்தான் நடக்கிறது.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களே மிகவும் வழுக்கும். பல நாள் சேர்ந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து சாலையில் மெழுகுபோல் படியும். நன்றாகக் கொட்டிக் கழுவிவிட்டால் சற்றுத் தேவலை. சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், ரயில் தண்டவாளம் ஆகியவற்றை நேராகக் கடக்க வேண்டும். அவற்றின் மீது திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. தோட்டத்துச் சந்திப்புகளில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் இழுத்துவரும் செம்மண், மழையில் சோப்புப்போல் ஆகிவிடும். இது நகரத்திலிருந்து வரும் சைக்கிளோட்டிகளுக்குத் தெரியாத விஷயம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

விளிம்பைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக், ஈரத்தில் முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும். அதுவரை சைக்கிள் ஓடிக்கொண்டேயிருக்கும். அதனால் முன்னதாகவே லேசாக அழுத்தத் தொடங்க வேண்டும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தாமதம் குறைவு. ஆனால் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பை எந்தப் பிரேக்காலும் கூட்ட முடியாது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு சற்றுக் கூடும். டயரில் கோடுகள் இல்லையே என்ற பயம் மட்டும் வேண்டாம். சைக்கிள் டயர் குறுகலானது. கார் டயரைப்போல அது தண்ணீர்மேல் மிதப்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து மின்னல். ரப்பர் டயர் காப்பாற்றும் என்பது வெறும் நம்பிக்கை. மின்னல் வெட்டியதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே புறப்பட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. மின்னலுக்கு மட்டும் சொல்லவில்லை. பால்மரம் பலமான காற்றில் முறியக்கூடியது என்பது தோட்டத்தில் எல்லாரும் அறிந்தது. நகரத்துச் சாலையோர அங்சானா மரங்களும் புயல்மழையில் பெரிய கிளைகளை உதறிவிடும்.

திடீர் வெள்ளம் நிற்கும் சாலையில், முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று இறங்க வேண்டாம். நாம் லோங்காங் என்று சொல்லும் ஆழமான கால்வாய் சாலையை ஒட்டியே ஓடுகிறது. தண்ணீர் மூடிவிட்டால் சாலை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

சரி, போகலாமா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது? மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைச்சுவாச்சா செயலியிலும் சிங்கப்பூரின் மைஇஎன்வி செயலியிலும் எச்சரிக்கைகள் வருகின்றன. மலேசியாவில் இடிமழை எச்சரிக்கை என்பது, மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் அறிகுறி தெரியும்போது விடப்படும் குறுகிய கால எச்சரிக்கை. ஒரு முறை விட்டால் அதிகம் ஆறு மணி நேரமே செல்லும். ஆகவே முதல் நாள் இரவு பார்த்தது காலையில் செல்லாது. எழுந்தவுடன் மழை ராடார் படத்தைப் பாருங்கள். நீரிணையின் மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கோடு தெரிந்தால் குழுவில் எழுதிவிடுங்கள். முதலில் ஒருவர் எழுதினால் போதும், "நானும் அதையேதான் நினைத்தேன்" என்று நான்கு பேர் உடனே பதில் போடுவார்கள்.

வழியில் மழையில் மாட்டி நனைந்து வந்தால், சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் மண்ணைக் கழுவி, சங்கிலியைத் துணியால் துடைத்து உலர்த்தி எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டைகளில் மணல் ஒட்டியிருந்தால் ஊசியால் நெம்பி எடுத்துவிடுங்கள். அது விளிம்பை அரித்துவிடும். விளக்குகளையும் கழற்றி உலர வையுங்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் மழை இருட்டில் பகலிலும் எரிய வேண்டும். லோரி ஓட்டுநரின் கண்ணாடியில் வழியும் மழைநீருக்கு இடையே அவருக்குத் தெரிவது அந்த வெளிச்சம் மட்டுமே.