ஒரு மில்லிகிராம் கரி

எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் வந்ததும் கேட்பது, "முடுக்கி எங்கே இருக்கிறது?" என்றுதான். நான் அவர்களை முதலில் என் மேஜைக்குக் கூட்டிப்போவேன். மாதிரிகளைக் கழுவுவது என் வேலை. ஒரு பொருளின் வயது சரியாக வருமா என்பது பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

மண்ணில் கிடந்த கரித்துண்டை அமிலத்தில் போட்டால் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். அடுத்து காரம். உடனே அது டிகாஷன் நிறத்துக்கு மாறும். துண்டுக்குள் ஊறியிருந்த மண்ணின் சாரம் அது. தெளிந்து வரும்வரை கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவேன். முடிவில் மறுபடி அமிலம் கட்டாயம். காரம் காற்றிலிருந்து இன்றைய கரியமிலவாயுவை இழுத்துக்கொள்ளும்; அதை விட்டுவைத்தால் பழைய பொருள் இளமையாகத் தெரியும். பிறகு எரித்து வாயுவாக்கி, இரும்புத்தூளின் மேல் கிராஃபைட்டாகப் படியவைப்போம். ஒரு மில்லிகிராம் போதும்.

வயதைச் சொல்வது, காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14. வேதியியலாளர் வில்லார்ட் லிபி 1949-இல் காட்டிய பழைய முறையில், அந்த அணு சிதையும்வரை காத்திருந்து எண்ணவேண்டும். இன்றைய கார்பன் ஒரு மில்லிகிராமில் அப்படிச் சிதைவது மணிக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அதே மில்லிகிராமில் சுமார் 6 கோடி கார்பன்-14 அணுக்கள் இருக்கின்றன. முடுக்கி அவற்றையே நேராக எண்ணுகிறது. இதற்கான வழி 1977-இல் திறந்தது. நைட்ரஜனுக்கும் ஏறக்குறைய அதே எடைதான். ஆனால் அதன் எதிர்மின் அயனி நிலைக்காது. அதனால் எதிர்மின் அயனிகளாக அனுப்பும்போது நைட்ரஜன் வாசலிலேயே நின்றுவிடுகிறது. எடையொத்த மூலக்கூறுகள் முடுக்கியின் நடுவே எலக்ட்ரான்களை இழந்து உடைகின்றன. எனக்கு இன்றும் அலுக்காத ஏற்பாடு இது.

இயேசுவின் உடலைச் சுற்றியது என்று பலர் நம்பும் துரின் நகரத்துச் சவத்துணியை 1988-இல் தொட முடிந்ததற்கும் இந்தச் சிக்கனமே காரணம். அரிசோனா, ஆக்ஸ்ஃபோர்ட், சூரிக் ஆகிய மூன்று ஆய்வகங்களுக்கும் தலைக்குச் சுமார் 50 மில்லிகிராம் துணி போனது. வெவ்வேறு விதமாகக் கழுவிப் பார்த்தும் விடை பெரிதாக மாறவில்லை. பொ.ஆ. 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்றார்கள். அழுக்கினால் வந்த பிழை என்று சொல்கிறவர்களுக்கு நான் கணக்கைத்தான் காட்டுவேன்: முதல் நூற்றாண்டுத் துணி பதினான்காம் நூற்றாண்டுத் துணியாகத் தெரியவேண்டுமானால், அளந்த கார்பனில் 60 சதவீதமாவது பிற்காலத்து அழுக்காக இருந்திருக்க வேண்டும். அப்புறம் அங்கே மிஞ்சுவது துணியைவிட அழுக்குத்தான் அதிகம்.

மாதிரிக்காக வெட்டிய மூலை பிற்காலத்து ஒட்டோ என்று பின்னால் எழுந்த வாதம் வேறு. அதற்கு என் அமிலமும் காரமும் பதில் சொல்லாது; நெசவு அறிந்தவர்தான் இழையைப் பார்த்துச் சொல்லவேண்டும். அதனால்தான் மாதிரி கொண்டுவருகிறவர்களிடம், அதை எங்கே, எதிலிருந்து எடுத்தார்கள் என்பதை எழுதி வாங்காமல் நான் உறையைப் பிரிப்பதில்லை.