எழுதி வாங்கினால் போதுமா?

கணவன் அடித்தான் என்று மகளிர் காவல் நிலையத்துக்கு வரும் பெண்களில் பலர் வழக்குப் போடச் சொல்வதில்லை. “கூப்பிட்டுக் கண்டிச்சு விடுங்க மேடம்” என்றே கேட்கிறார்கள். நிலையத்திலும் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஆனால், அந்தத் தாளில் எழுதியதை மீறுவது தனிக் குற்றமாகாது. அடுத்த அடி விழும்போது அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 18-49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். நாடு முழுவதும், வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் சொன்னதுமில்லை, உதவி தேடியதுமில்லை. அதையும் மீறி நிலையப் படியேறுபவளைச் சட்டத்தின் கையில் சேர்க்காமல் அனுப்புவது பெரிய இழப்பு.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காவலரின் கடமையைத் தெளிவாகச் சொல்கிறது. பாதுகாப்பு ஆணை கோரலாம், பாதுகாப்பு அலுவலரை அணுகலாம், இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்பதையெல்லாம் அவளிடம் தெரிவித்தாக வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்கறிஞரைப் பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அவர் மனுத் தாக்கல் செய்தால், அவசரமெனில் எதிர்த்தரப்பைக் கேட்காமலேகூட மாஜிஸ்திரேட் இடைக்கால ஆணை இடலாம். அந்த ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

‘கோர்ட்டுக்குப் போனால் குடும்பம் உடையும், பொய் வழக்குகள் பெருகும்’ என்பார்கள். முதலில் கைது செய்வது இந்தச் சட்டத்தின் வழியல்ல. அடிக்காதே, வீட்டைவிட்டுத் துரத்தாதே, ஜீவனாம்சம் கொடு என்பவையே இதன் ஆணைகள். பொய் மனுவா என்பதைச் சாட்சியங்களை வைத்து நீதிமன்றம் சோதிக்கும். காவல் நிலைய மேசையில் நடக்கும் பஞ்சாயத்தில் அந்தச் சோதனைக்கே இடமில்லை. சேர்ந்து வாழ விரும்புபவளையும் இந்தச் சட்டம் பிரிப்பதில்லை: ஆணையைக் கையில் வைத்துக்கொண்டே அதே வீட்டில் இருக்கலாம், மாஜிஸ்திரேட்டே ஆலோசனைக்கும் அனுப்பலாம். ஆகவே, காவலர் சமரசம் பேசக் கூடாது என்பதல்ல வாதம். அதற்கு முன், அவள் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் பேசியிருக்க வேண்டும். தனக்குள்ள வழிகளை அறிந்தபின் அவள் ஒப்புக்கொண்டால்தான் அது சமரசம்.